ஒற்றைக் கண்ணோடு திருச்சிக்கு

கடல் தாண்டி ஈப்போவில் என் மூன்று சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றிலாவது கை நனைக்காத தமிழர் இருக்க மாட்டார். பதினோரு வயதில் எச்சில் இலை எடுக்க அந்த ஊருக்குப் போனேன். முப்பத்திரண்டாவது வயதில் இலை எடுத்த அதே கடையை விலைக்கு வாங்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இதை எழுதுவதும் நான்தான். எழுத்துப் பிழையை வேண்டுமானால் திருத்துங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கடை வளர்ந்தது என் நாக்கால்தான். எந்தப் பண்டத்தை வாயில் போட்டாலும் கண்ணை மூடிக்கொள்வேன். கண் மூடினால்தான் நாக்கு பேசும். திறக்கும்போது ஒரு குறை சொல்வேன். குறை சொல்லாமல் நான் விட்ட பண்டம் உலகத்தில் கிடையாது. என் கல்யாணப் பந்தியிலேயே ரசத்தில் பெருங்காயம் கூடுதல் என்று சொன்னவன் நான். சமையல் மாமனாருடையது.

அப்படிப்பட்டவனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அதுவும் இருந்த ஒரே கண்ணில். இடது கண் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமையான கதை இல்லை. பத்து வருஷம் முன்னால் துறையூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, சந்தையில் ஒருவன் ஊசியால் புரையைத் தள்ளிவிடுகிறேன் என்றான். உட்கார வைத்துக் குத்தினான். மூன்று நாள் பளிச்சென்று தெரிந்தது. நாலாம் நாள் சீழ் வைத்து ஒரேயடியாக அணைந்தது. ஊரையே எடை போடுகிறவன் சந்தையில் ஏமாந்தேன்.

இப்போது வலது கண்ணிலும் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவரைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். தோசை சிவந்ததா என்று வாசனையை வைத்துச் சொன்னேன். ஆனாலும் பெரியவன் ஒரு நாள், "அப்பா, சாவியக் குடுங்க, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். ரெஸ்ட் என்றால் என்ன? மூலையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார நான் ஈப்போ வரவில்லை. ஸ்ரீரங்கம் பெருமாளுக்கு வேண்டுதல் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, மூன்று கடைச் சாவியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். கண் திரும்பினால் கல்லா, திரும்பாவிட்டால் மூலை. உண்மை தெரிந்தவள் காட்டூரில் இருக்கும் என் தங்கச்சி செல்லம்மா ஒருத்திதான்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கினதும் என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, நான் இங்க நிக்கிறேன். நீ யாரோ போர்ட்டரைப் பாத்து இளிச்சிக்கிட்டிருக்கே."

ஜட்கா வைத்தோம். நயா பைசா வந்து வருஷங்கள் ஆகியும் ஜட்காக்காரர் அணாவில்தான் பேசினார். பின்னால் ஏறும் படி எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் காலை வைத்து மொத்த உடம்பையும் வண்டியின் வாலில் போட்டேன். வண்டி பின்னால் சாய்ந்தது, முன்னால் குதிரை எழும்பியது.

"ஐயா, முன்னால நகருங்க! குதிரை பறக்குது!" என்று கத்தினார் ஜட்காக்காரர்.

"வெளிநாட்டு உடம்புங்க, அப்படித்தான் இருக்கும்" என்றாள் செல்லம்மா.

மறுநாள் தென்னூர்ப் பக்கம் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் குரலைக் கேட்டால் நேற்றுத்தான் மீசை முளைத்தது போல இருந்தது. சீமையில் படித்துவிட்டு வந்தவராம். என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாப் பழுத்திருக்கு ஐயா, எடுத்துடலாம்" என்றார்.

"எதால எடுப்பீங்க? ஊசியா?" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. இதை நான் எழுதாவிட்டால் செல்லம்மா சொல்லிவிடுவாள்.

"ஊசி இல்லைங்க. ஐஸ்."

விளங்கச் சொன்னார். முன்னெல்லாம் கண்ணைத் திறந்து, புரை பிடித்த மணியை இடுக்கியால் பிடித்து இழுப்பார்களாம். அதன் தோல் மெலிசு, சில சமயம் கிழிந்துவிடும். இப்போது புதுசாக ஒரு முறை. பென்சில் மாதிரி ஒரு செப்புக் கம்பியை உறைய உறையக் குளிர வைத்து மணியின் மேல் தொட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். கிழியாமல் முழுசாக வந்துவிடும்.

எனக்கு உடனே பிடிபட்டது. ஈப்போவில் சீனன் கடை ஐஸ் கட்டியை நாக்கால் நக்கி ஒட்டிக்கொண்டு தவித்திருக்கிறேன், பதினோரு வயதில். "நாக்கு ஒட்டுற மாதிரி!" என்றேன்.

"அதேதான்! இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிஞ்சுக்கிட்டதில்லை" என்றார் டாக்டர். படித்தவர் வாயால் வந்த அந்தச் சொல்லை இரண்டு நாள் செல்லம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சாதா ஐஸ் போதாதாம். புகை விடுகிற ஐஸ், ரயிலில் பெட்டியில் அடைத்து வர வேண்டும். வர வேண்டிய நாளில் ரயில் வந்தது, பெட்டி வரவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். கண்ணுக்கு வர வேண்டிய ஐஸ் எந்த ஊர் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகைந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

கிடைத்த ஒரு நாளில் செல்லம்மா கையைப் பிடித்துக்கொண்டு சின்னக் கடை வீதியெல்லாம் சுற்றினேன். மலைக்கோட்டை எனக்குப் பழுப்பு மூட்டை மாதிரி தெரிந்தது. ஒரு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். கண்ணை மூடினேன், திறந்தேன். "மிளகு நேத்தே வறுத்தது" என்றேன். சர்வர் உள்ளே போய் யாரிடமோ, "வெளிய ஒரு பெரியவர் மிளகுக்கு ஜாதகம் சொல்றாரு" என்றது கேட்டது. காப்பியை மட்டும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் டின் பாலில் இனிப்பாகக் கலக்குவோம். இங்கே கறந்த பால். ஆனால் டம்ளர் சூடு போதவில்லை.

அடுத்த நாள் பெட்டி வந்தது. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். வெள்ளையாக என்னவோ அசைந்தது, ஒரு குளிர்ச்சி வந்தது மாதிரி இருந்தது, "வந்துடுச்சு, முழுசா வந்துடுச்சு" என்றார் டாக்டர். அவர் குரலில் இருந்த சந்தோஷம், முதல் தோசை கல்லில் ஒட்டாமல் எழும்பி வரும்போது எனக்கு வருகிற சந்தோஷம். அந்த நிமிஷத்தில் அவர் மீசைக்கு மரியாதை கொடுத்துவிட்டேன்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. மல்லாந்து படுத்தபடி ஐந்து நாள். எழுந்திருக்கக் கூடாது, தும்மக் கூடாது, மெல்லக் கூடாது. கஞ்சிதான். தையல் கூடுகிறவரை அசைந்தால் கண் போய்விடும் என்று சிஸ்டர் சொன்னார். "பேசவும் கூடாது தாத்தா" என்று சேர்த்துக்கொண்டார். தாத்தா என்றதற்கும் பதில் பேச முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே சிநேகமானோம். வரதன் ஸ்வாமி, ஸ்ரீரங்கம் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைக்கிறவர். அதே பெட்டி ஐஸில், எனக்குச் சற்று முன்னால் அவருக்கு ஆப்பரேஷன். சமையல்காரர் என்று தெரிந்ததும் சிஸ்டர் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. மெல்லிய குரலில் என் கடைகளைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நன்னா இருக்கு. ஆனா நீர் ருசி பார்த்துச் சமைக்கிறீர். அது சுலபம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சுலபமா? நீங்க ருசி பாக்காமலா சமைக்கிறீங்க சாமி?"

"பெருமாள் கண்டருளறதுக்கு முன்னாடி நாக்குல வைக்கப்படாது. மோந்து பார்க்கப்படாது. வாயையும் மூக்கையும் துணியால கட்டிண்டுதான் அடுப்புகிட்டேயே நிப்போம். உப்பு கை அளவு, பாகு கண் அளவு. பொங்கற நெய்யோட நிறத்தைப் பார்த்து இறக்கணும். நாப்பது வருஷம் கண்ணாலேயே சமைச்சேன். போன வருஷம் ஒரு நாள் வெல்லப் பாகு முத்திப்போயிடுத்து, எனக்குத் தெரியலை. யாரும் ஒண்ணும் சொல்லலை. அடியேனே கரண்டியைக் கீழே வெச்சுட்டு வந்துட்டேன்."

அதில் ஒரு குறையும் எனக்கு அகப்படவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஆனால் அன்றைக்கு மட்டும்தான். ருசி பார்க்காத சமையல் சமையலே இல்லை என்று மறுநாள் காலையிலேயே சண்டையை ஆரம்பித்தேன். கட்டுப் போட்ட இரண்டு கிழங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு சாம்பாருக்குத் துவரை எவ்வளவு வேக வேண்டும் என்று வாதாடினோம். செல்லம்மா நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து இருவர் வாயிலும் மாற்றி மாற்றிக் கஞ்சி ஊற்றினாள். "ரெண்டு பேரும் பெரிய சமையல்காரங்க. ஊத்துறது உப்பில்லாத கஞ்சி" என்றாள்.

அன்று மத்தியானம்தான் நான் அந்தக் காரியம் பண்ணினேன்.

கண் அயர்ந்திருந்தேன். மூக்கில் ஒரு வாசனை வந்து இடித்தது. பால் அடிப்பிடிக்கிற வாசனை! கடைக்காரனுக்கு அதைவிட அபாயச் சங்கு கிடையாது. பால் தீய்ந்தால் அன்றைய காப்பி முழுக்கப் போச்சு. ஐம்பது வருஷப் பழக்கம் என்னைக் கேட்கவில்லை. மணல் மூட்டையைத் தள்ளிவிட்டு விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "டேய், பாலை இறக்குடா!" என்று வார்டே அதிரக் கத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே டீக்கடையிலிருந்து பதில் வந்தது: "யாருங்க அது? இறக்கிட்டேங்க!"

அப்புறம்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. கண்ணுக்குள் கம்பி பாய்ந்த மாதிரி வலித்தது. செல்லம்மா என் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். அழுத்தின கையை டாக்டர் வரும் வரை எடுக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

டாக்டர் ஓடிவந்து கட்டைப் பிரித்து விளக்கடித்தார். எனக்குச் சிவப்பாக ஒரு மூட்டம் மட்டும் தெரிந்தது. "தையல் விடலை. ஆனா உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கு. தானாக் கரையணும். இனிமே ஒரு விரல்கூட அசைக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்று திரும்பக் கட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாமி, உங்களுக்கு வாசனை வரலையா?" என்று கேட்டேன், எல்லோரும் போன பிறகு.

"வந்திருக்கும். நாப்பது வருஷமா மூக்கைக் கட்டிண்டு சமைச்சவன் ஓய், மோப்பம் பிடிக்கிற பழக்கமே போயிடுத்து" என்றார். பிறகு மெதுவாக, "உம்ம மூக்குக்கு ஒரு துணி வேணும்" என்றார்.

அவர் சொன்னதைச் செல்லம்மா நிஜமாகவே செய்தாள். சிஸ்டரிடம் கேட்டு, வெள்ளைத் துணி ஒன்றை என் மூக்கின் மேல் மடித்துப் போட்டாள், நான்கு மூலையிலும் துளி விபூதி முடிந்து. பெருமாள் கோயில்காரர் சொன்ன துணியில் விபூதியா என்று வரதன் ஸ்வாமிக்குச் சிரிப்பு. சிரிக்கக் கூடாது என்று அவருக்கும் உத்தரவு. அவர் சிரிப்பை அடக்குகிற சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த ஒரு வாரமும் நான் பேசவில்லை. ஆமாம், நான்தான். டீக்கடைக்காரர், பேர் காதர், மறுநாளே வந்து கட்டிலோரம் நின்றார். "உள்ள படுத்துக்கிட்டு என் பால் தீயறதக் கண்டுபிடிச்ச பெரியவர் யாருன்னு பாக்க வந்தேங்க. உங்களால ஒரு அண்டா பால் தப்பிச்சுது. உங்க கண்ணுக்கு இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். நன்றி சொல்லக்கூட வாய் திறக்காமல் விரலை ஆட்டினேன். விரலையும் ஆட்டக் கூடாது என்று சிஸ்டர் திட்டினார். காதர் போகும்போது செல்லம்மாவிடம், "இனிமே கண்ணு தெறக்குற வரைக்கும் பாலை நான் பக்கத்துலயே நின்னு காய்ச்சுறேன்" என்றது காதில் விழுந்தது.

வாய் மூடிக் கிடந்தபோது மனசில் ஒரே நாற்காலி ஓடியது, மூலையில் இருக்கிற நாற்காலி. இடுப்புச் சாவியைச் செல்லம்மா தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அவள் கஞ்சி ஊற்றக் குனியும்போதெல்லாம் அது கிலுகிலு என்றது. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று அவளாகவே எனக்குச் சொன்ன மாதிரி. வேண்டுமென்றே ஆட்டினாளா என்று பிற்பாடு கேட்டேன். "உனக்கு எல்லாம் உன்னைச் சுத்தியே நடக்கணும்" என்றாள். ஆட்டினாள் என்றுதான் அர்த்தம்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விளக்கடித்தார். ஒரு பெருமூச்சு. அவருடையதுதான். நான் மூச்சே விடவில்லை. "கரைஞ்சுடுச்சு ஐயா" என்றார். ஒரு தடித்த கண்ணாடிச் சில்லை என் கண் முன்னால் பிடித்தார். "எத்தனை விரல்?"

"மூணு" என்றேன். "சுண்டு விரல்ல மை. சட்டையில மேல் பொத்தான் இல்ல. மீசை நான் நினைச்சதவிடப் பெரிசு."

பக்கத்துக் கட்டிலிலிருந்து, "பெருமாளே!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். என் மனசில் வரதன் ஸ்வாமி ஒல்லியாக, உயரமாக இருந்தார். நிஜத்தில் என்னைப் போலவே தொந்தி. கண்ணில் பச்சைத் துணி மறைப்பைத் தூக்கிக்கொண்டு அவரும் என்னைப் பார்த்தார். "நீர்தானா? குரலுக்கு இன்னும் பெரிய ஆளா நினைச்சேன்" என்றார்.

புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் காட்டூரில் இருந்தேன். பிறகு நிரந்தரக் கண்ணாடி வந்தது. வலது பக்கம் சோடா பாட்டில் அடி மாதிரி தடிமன், இடது பக்கம் கறுப்பு. போட்டதும் உலகம் பாய்ந்து என் மேல் வந்தது. எல்லாமே பெரிது, எல்லாமே கிட்டே.

"செல்லம், உன் மூக்கு இவ்வளவு பெரிசா?"

"அறுபது வருஷமா இதே மூக்குதான். இப்பத்தான் பாக்குறே."

காப்பி டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல் மூடிக்கொண்டது. டாக்டர் பழகிவிடும் என்றார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறும்போது படி முகத்துக்கு நேரே தெரிந்தது. காலை மார்பு வரை தூக்கினேன்.

"பெரியவரே, ஏறுறீங்களா, கரணம் போடுறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டும் பண்ணுவேன், டிக்கெட்டைக் குடுங்க" என்றேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது தண்ணீரும் வானமும் நீலமாகத் தெரிந்த நீலம் இருக்கிறதே, அப்படி ஒரு நீலத்தை நான் சின்ன வயதிலும் பார்த்ததில்லை. புரை எடுத்த கண்ணுக்கு நீலம் கூடுதலாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "பாருங்க, பாருங்க" என்று காட்டினேன். தினம் அந்தப் பாலத்தில் போகிறவர் போல, பாவம், என்ன என்று திரும்பத் திரும்பத் தேடினார்.

செல்லம்மாவும் நானும் கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி வீதி வீதியாக நடந்து உள்ளே போனோம். வீட்டில் சொன்ன பொய்யை அன்று உண்மையாக்கினேன். கருவறை இருட்டில் அர்ச்சகர் தீபத்தைத் திருவடியிலிருந்து மெல்ல நகர்த்தினார். படுத்திருந்த பெருமாள் முழங்கால், கை, மார்பு என்று என் கண்ணாடிக்குள் நிரம்பி வழிந்தார். ஒரு வாரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்ததே எனக்கு அந்தப் பாடு. இவர் எத்தனை காலமாக இப்படியே படுத்திருக்கிறார்!

பிரகாரத்தில் ஒரு தூணோரம் வரதன் ஸ்வாமி காத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கிலும் சோடா பாட்டில். நெற்றியில் திருமண் கொஞ்சம் கோணல், நான் சொல்லவில்லை. அன்றுதான் அவர் ஒரு வருஷம் கழித்துக் கரண்டியைத் தொட்டிருந்தார். கையில் தொன்னை, தொன்னையில் அக்காரவடிசில். பெருமாள் கண்டருளின பிரசாதம்.

"நான் இன்னும் வாயில வைக்கலை" என்றார். குரல் எனக்குப் பழகின குரல், ஆனால் அதில் ஒரு நடுக்கம். ஆஸ்பத்திரியில் "ஊசியா?" என்று கேட்டபோது எனக்கு வந்த அதே நடுக்கம். "கண்ணுக்குச் சரியாத்தான் பட்டுது. ஆனா இது புதுக் கண்ணு. உம்ம நாக்கு சொல்லட்டும். ஒளிக்காமச் சொல்லும்."

தொன்னையை வாங்கினேன். இந்தத் தடவை கை தவறவில்லை. குழைந்த அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் ஒன்றாகிப் புதுப் பித்தளை நிறத்தில் இருந்தது. ஓரத்தில் நெய் பிரிந்து மினுங்கியது. ஒரு வறுத்த முந்திரி அதில் பாதி முழுகியிருந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டேன். பழக்கத்தில் இமை இறங்கியது. பாதியில் நிறுத்தினேன். இந்த நிறத்தைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வந்தேன்! ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிட்டேன். நாக்கு அப்போதும் பேசியது.

வரதன் ஸ்வாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடிக்குள் அவர் கண் இரண்டும் எலுமிச்சம்பழ அளவு.

"குறை சொல்லாம விடமாட்டீரே. சொல்லும்."

செல்லம்மா என் முதுகில் கிள்ளினாள். நான் தொன்னையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

"ஒரு குறைதான் சாமி. இந்தக் கண்ணாடியில எல்லாமே பெரிசாத் தெரியுது. இந்தத் தொன்னை மட்டும் சின்னதாத் தெரியுது."